சோல் கழன்ற பிறகும் அதே கம்பெனி ஷூ

"மறுபடியும் அதே கம்பெனியா?" பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் வந்த முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். மூன்று மாதத்துக்கு முன்புதான் அந்தக் கம்பெனியின் ஷூ இரண்டும் சோல் கழன்று, கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு, கர்நாடகாவில் இருக்கும் குமார பர்வத மலையிலிருந்து நொண்டி நொண்டி இறங்கி வந்திருந்தேன். அந்தப் போட்டோவைப் பார்த்துச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. அப்படியிருந்தும் 2022 ஏப்ரலில் அதே கம்பெனி, அதே மாடல், அதே 43 சைஸ். மூன்று வருடத்துக்கு மேல் போட்டுத் தேய்த்தாகிவிட்டது, எழுதலாம் என்று தோன்றுகிறது.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

முதல் ஜோடி வாங்கியது 2011இல். அதற்கு முன் இரண்டு வேறு கம்பெனி ஷூ வாங்கி, இரண்டிலும் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்து, ஒருமுறை நகமே விழுந்துவிட்டது. குற்றம் ஷூவில் இல்லை, என் காலில். சின்ன வயதிலிருந்து ரப்பர் செருப்பிலேயே வளர்ந்த கால், முன்பக்கம் அகலமாக விரிந்து, குதிகால் பக்கம் ஒல்லியாக இருக்கும். நம்மில் பலருக்கு அப்படித்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் 'லாஸ்ட்' என்பார்கள், கால் வடிவத்தில் இருக்கும் அச்சு, அதன்மேல் தோலை இழுத்துத்தான் ஷூவே செய்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்த அச்சு வேறு. 43 என்று போட்டிருந்தாலும் ஒன்று கடிக்கும், ஒன்று தொளதொளக்கும். இந்தக் கம்பெனியின் அச்சு என் காலைப் பார்த்து வெட்டியது போல இருந்தது. முதல் நாளே பர்வதமலை, ஒரு கொப்புளம் இல்லை. ஏழு வருடம் போட்டேன். அட்டை ஊறும் கொல்லிமலைப் பாதை, முட்டி தேயும் வெள்ளியங்கிரி இறக்கம், எல்லாவற்றுக்கும் அதுதான்.

அந்த ஜோடி தேயத் தொடங்கியதும், மாடலை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் 2017இல் தள்ளுபடியில் இன்னொரு ஜோடி வாங்கிப் பரணில் போட்டேன். இதுதான் நான் செய்த முட்டாள்தனம், ஆனால் அப்போது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. 2018 மார்ச்சில் தேனி பக்கம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டு 23 உயிர் போனது. அதற்குப் பிறகு காட்டுக்குள் போக அனுமதி கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, யாருக்கும் போகவும் மனசில்லை. அப்புறம் எனக்கு முட்டிவலி, அப்புறம் கொரோனா. பெட்டியைத் திறந்தபோது 2022 ஜனவரி. பளபளவென்று புதுசாக இருந்தது. மோந்து பார்த்தால் புதுத்தோல் வாசனைகூட இருந்தது!

குமார பர்வதம் 1,712 மீட்டர். குக்கே சுப்ரமண்யாவிலிருந்து ஏறி, பட்டர் வீடு, கல்மண்டபம், சேஷ பர்வதம் தாண்டிப் போகவேண்டும். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது சேஷ பர்வதத்துக்குக் கீழே இடது காலில் ஏதோ சப்பென்று ஒட்டுவது போல இருந்தது. குனிந்து பார்த்தால் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. கல்மண்டபம் வருவதற்குள் சோல் தனியாக என் கையில். வலதுகால் மட்டும் என்ன, அரைமணி நேரத்தில் அதுவும். கூட வந்த நண்பன் "டேய், இதுக்கா பத்து வருஷமா பாட்டுப் பாடிட்டு இருந்த?" என்று கேட்டான். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஊருக்கு வந்ததும் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் சுரண்டினார், சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "சார், பசை விட்டுப்போகல. ஒட்டுறதுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல, எல்லாம் மாவாப் போச்சு" என்றார். ஒரே பார்வையில் அவர் சொன்னதைத்தான் நான் பிறகு நாலு நாள் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மேல்தோலுக்கும் அடிரப்பருக்கும் நடுவில் இருக்கும் மெத்தைப் பகுதி பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரை. காற்றிலிருக்கும் ஈரம் அதற்குள் போய் வேதிப்பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. ஹைட்ராலிசிஸ் என்கிறார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் நடக்கும். சென்னைப் பரணைவிட அதற்குத் தோதான இடம் வேறு எது? போடாமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்பதும் தப்பு. அவ்வப்போது போட்டு நடந்தால் மெத்தை அமுங்கி விரிந்து உள்ளே தேங்கிய ஈரம் வெளியேற வழி கிடைக்கும், பெட்டிக்குள் மூடி வைத்தால் அதுவும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஓட்டப்பயிற்சி ஷூக்களில் நிறைய வருவது ஈவிஏ என்ற வேறு நுரையில் செய்த மெத்தை. அது இப்படிப் பொடியாகாது, ஆனால் சுமையோடு நடந்தால் சீக்கிரம் அமுங்கித் தட்டையாகிவிடும். பாலியூரித்தேன் அப்படி அமுங்காது, பன்னிரண்டு கிலோ முதுகில் இருந்தாலும் ஏழு வருடம் தாங்கும். அதாவது முதல் ஜோடியை நான் எதற்காகத் தலையில் வைத்துக் கொண்டாடினேனோ, அதே பொருள்தான் இரண்டாவது ஜோடியில் காலை வாரிவிட்டது.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். வாங்கிய தேதியிலிருந்து வாரண்டி முடிந்துவிட்டது என்று மூன்று வரியில் பதில். வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. அன்றைக்கு இரவு சத்தியம் பண்ணினேன், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று. அடுத்த இரண்டு மாதம் கடை கடையாக ஏறி ஏழெட்டு ஷூ போட்டுப் பார்த்தேன். ஒன்றில் சுண்டுவிரல் மடங்கியது, ஒன்றில் குதிகால் ஏறி இறங்கியது, ஒன்று எல்லாம் சரி ஆனால் கணுக்காலில் எலும்பை அழுத்தியது. கடை ஏசியில் பத்து நிமிடம் நடந்து பார்த்து, வெள்ளியங்கிரி ஏழாவது மலையில் அது என்ன செய்யும் என்று எப்படித் தெரியும்? பழைய கம்பெனி ஷூ என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நல்லதும் தெரியும், இப்போது கெட்டதும் தெரியும். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அது உடைந்ததில்தான் எனக்கு அதன்மேல் ஒருவிதத் தெளிவே வந்தது. எங்கே, எப்போது, எதனால் உடையும் என்று தெரிந்த ஷூவோடு மலைக்குப் போகலாம். எப்போது உடையும் என்றே தெரியாத, இதைவிட நல்ல ஷூவோடு போக எனக்குப் பயம்.

மலையேறுகிறவர்கள் ஒரே பிராண்டைப் பிடித்துத் தொங்குவதை விளம்பர மயக்கம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். போன் வேலை செய்யாவிட்டால் எரிச்சல், அவ்வளவுதான். ஷூ வேலை செய்யாவிட்டால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது. அதனால் தெரிந்ததை விட்டு நகரத் தயங்குகிறோம்.

சோல் கழன்ற கதையில் இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் எல்.எல். பீன் என்பவர் 1912இல் ரப்பர் அடிப்பாகமும் தோல் மேல்பாகமும் சேர்த்து வேட்டைக்காரர்களுக்கு ஷூ செய்து தபாலில் விற்றார். முதல் 100 ஜோடியில் 90 திரும்பி வந்தன, தையல் விட்டுப்போய். மனிதர் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கித் திருத்திச் செய்தார். அந்தக் கம்பெனிக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் சேர்ந்தது அந்த 90 ஜோடியை வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றும். எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்ற வழக்கத்தை 2018இல்தான் ஒரு வருடமாகக் குறைத்தார்கள், ஏனென்றால் சிலர் பழைய பொருள் விற்கிற இடத்தில் வாங்கியதை எல்லாம் கொண்டுவந்து பணம் கேட்டிருக்கிறார்கள். மனிதர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான். என் கம்பெனிக்காரர் அந்த மெயிலில் நாலு வார்த்தை கூடுதலாக எழுதியிருந்தால்கூடப் போதும், இதை வேறு தொனியில் எழுதியிருப்பேன்.

சரி, ஷூவை விடுவோம். பை. டாய்ட்டர், ஜெர்மன் கம்பெனி, 1898இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தபால்காரர்களுக்குப் பை தைத்துத் தொடங்கியவர்கள். என்னிடம் இருப்பது 2013இல் வாங்கியது. முதுகுக்கும் பைக்கும் நடுவில் வலையை இழுத்துக் கட்டி இடைவெளி விட்டிருப்பார்கள், காற்று போகும். நம்மூர் வேர்வைக்கு இது ஒன்றே போதும். இடைவெளி இருப்பதால் சுமை கொஞ்சம் பின்னால் இழுக்கும், வலை முதுகு வைத்த எந்தப் பையிலும் இது இருக்கும், முதல் இரண்டு பயணம் பழக வேண்டும். கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து வாங்குங்கள், உங்கள் உயரத்தைப் பார்த்து அல்ல. நான் ஆறடி, ஆனால் முதுகு சின்னது, கால்தான் நீளம். இடுப்புப் பட்டையின் பக்கிளை ரயிலில் நானே மிதித்து உடைத்தேன், ஸ்கூல் பை ரிப்பேர் கடையில் மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவுதான் செலவு. கை போகும் இடத்தில் பாட்டில் இருக்கிறது, இருட்டில் எந்த ஜிப்புக்குள் எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். புதுப் பை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தப் பழக்கத்தை அதோடு சேர்த்துக் கொடுக்க முடியாது.

ஹெட்லாம்ப், அதாவது நெற்றியில் கட்டும் விளக்கு, பெட்சல் கம்பெனியின் டிக்கா மாடல். நான் இதிலேயே இருப்பதற்குக் காரணம் வெளிச்சம் இல்லை, மூன்று ஏஏஏ பேட்டரி. டிவி ரிமோட்டுக்குப் போடுகிறோமே, அது. வெள்ளியங்கிரிக்குக் கிளம்பும் முன் பேட்டரி போய்விட்டது என்றால் அடிவாரத்துக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் கிடைத்துவிடும். சார்ஜ் மட்டுமே பண்ண முடிகிற விளக்கைவிட எனக்கு இதுதான் நிம்மதி.

சாக்ஸ் டார்ன் டஃப் கம்பெனி, அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பின்னுகிறார்கள், ஓட்டை விழுந்தால் ஆயுள் முழுக்க மாற்றிக் கொடுப்பார்கள். மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது மூன்று ஜோடி வாங்கி வந்தார். மெரினோ கம்பளி, ஈரமானாலும் நாற்றம் எடுக்காது. நாலு வருடமாக ஓட்டை விழவில்லை, அதனால் அந்த வாக்குறுதியைச் சோதிக்க வாய்ப்பே வரவில்லை.

எல்லாவற்றிலும் இப்படிப் பிடிவாதமாக இருப்பதில்லை. மழைச்சட்டையில் எனக்கு எந்தப் பிராண்ட் பற்றும் கிடையாது. மழையை உள்ளே விடாமல் வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் கோர்டெக்ஸ் துணி அருமையான கண்டுபிடிப்புதான், 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லானைப் பட்டென்று இழுத்துப் பார்த்தபோது நுண்துளைகளோடு நீண்டதிலிருந்து பிறந்தது. ஆனால் உள்ளே வெப்பமும் ஈரமும் கூடுதல், வெளியே குறைவு என்றால்தான் வேர்வை ஆவி வெளியே போகும். ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளேயும் நீராவி வெளியேயும் நீராவி. அந்த விலைக்குச் சட்டை வாங்கி உள்ளுக்குள்ளேயே நனைவதற்கு, தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் ஒரு பான்சோவும் குடையும் போதும். குடையோடு மலையேறினால் சிலர் கேலி பண்ணுவார்கள், பண்ணட்டும். டென்ட்டும் அப்படித்தான், பக்கத்தில் கடை இருப்பதால் டெகாத்லான், வேறு காரணம் இல்லை.

இன்னொன்று, ஷூ பிராண்டைவிட அடியில் இருக்கும் மஞ்சள் எண்கோண முத்திரைக்கு விசுவாசமாக இருப்பவர்களும் உண்டு. வைப்ரம் சோல். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு பேர் தகுதியில்லாத ஷூவோடு போய்ப் பனிப்புயலில் மாட்டி இறந்தார்கள், அவர்களின் நண்பர் விட்டாலே பிரமானி ரப்பரில் பள்ளம் வெட்டிய சோலைச் செய்து 1937இல் காப்புரிமை வாங்கினார். என் மூன்றாவது ஜோடியிலும் அதுதான். வலது குதிகாலின் வெளிவிளிம்பு மட்டும் மழுங்கியிருக்கிறது, என் நடை அப்படி. ஈரப்பாறையில் பிடிப்பு நன்றாக இருக்கிறது, பாசி படிந்த பாறையில் எந்தச் சோலும் வழுக்கும், நம்பாதீர்கள்.

இந்த ஜோடியில் மீசப்புலிமலை, இரண்டு தடவை வெள்ளியங்கிரி, ஒரு தடவை அகத்தியமலை, தமிழக அரசு 2024இல் மலையேறத் திறந்துவிட்ட 40 பாதைகளில் மூன்று. உள்பாதத் தகட்டை ஒருமுறை மாற்றினேன். தோலுக்கு மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் மெழுகு. கொப்புளம் இன்னும் ஒன்றுகூட இல்லை.

வெள்ளியங்கிரியில் போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவரின் மூங்கில் தடி கைபட்டுக் கைபட்டுப் பழுப்பாக மின்னியது. எல்லாரும் அடிவாரத்தில் புதுத்தடி வாங்கி வருகிறார்களே என்று கேட்டேன். "இது எனக்கு எங்க ஊணணும்னு சொல்லும் தம்பி, புதுசு சொல்லாது" என்றார். அடுத்த கேள்வி அவர் கேட்டார், என் ஷூ என்ன விலை என்று. சொன்னேன். சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

இந்தத் தடவை ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதியிருக்கிறேன். பரணில் ஏற்றவில்லை, பெட்டியையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்க அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். லுங்கியும் மலையேறும் ஷூவுமாக நான் போவதை எதிர்வீட்டில் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.