தொண்டைக்குழியா, மணிக்கட்டா?

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவுவது என் பிழைப்பு. மார்கழி, தைப் பனியில் விடியற்காலையிலிருந்து கத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும், இரவில் லேசாக மூச்சு இழுப்பும் வரும். போன தையில் ஒருநாள் குரல் சுத்தமாகப் போய்விட்டது. விரலை விரித்து விலை காட்டினேன். "அண்ணா, ஏலம் விடறீங்களா, டாட்டா காட்டறீங்களா?" என்றார் ஒரு வியாபாரி. அன்று மாலையே தருமபுரியில் ஓர் அக்குபங்சர் மருத்துவரிடம் போனேன். பத்து நாள் இரண்டு புள்ளிகளில் ஊசி போட்டார். அப்புறம் தினமும் விரலால் அழுத்த ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

முதலாவது, அக்குபங்சர் புள்ளிக் கணக்கில் சிவி 22, சீனத்தில் தியன்தூ. கழுத்தடியில் நெஞ்செலும்புக்கு மேலே இருக்கும் குழி. இருமல், இழுப்பு, குரலடைப்பு, விக்கல் எல்லாவற்றுக்கும் சொல்லப்படுவது. வலிக்கும் இடத்திலேயே இருப்பதால் மனசுக்கும் திருப்தி.

இரண்டாவது எல்யூ 7, லியேச்சுவே. நுரையீரல் நாளத்தில் (நாளம் என்பது ரத்தக்குழாய் அல்ல, உடலில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதை), மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம், மடிப்பிலிருந்து ஒன்றரை சுன் மேலே. சுன் என்பது அவரவர் கட்டைவிரல் அகலம். சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்தால் ஒன்றரை. அளக்காமலும் பிடிக்கலாம்: இரு கைகளின் கட்டைவிரல் இடுக்குகளையும் கோத்தால், மேலே இருக்கும் சுட்டுவிரலின் நுனி எலும்போரம் ஒரு சிறு பள்ளத்தில் விழும். அதுதான்.

நான் வைத்துக்கொண்டது மணிக்கட்டு. காரணம் ஒன்றே, நம் கையில் விட்டால் எது தாங்கும் என்பது. தொண்டைக்குழிக்குப் பின்னால் மூச்சுக்குழல், பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய்கள். மருத்துவரே ஊசியை முதலில் 0.2 சுன் மட்டும் நேராக இறக்கி, பிறகு முனையைக் கீழே திருப்பி நெஞ்செலும்பின் பின்பக்கத்தை ஒட்டித்தான் செலுத்துகிறார். நான் வீட்டில் கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன், குமட்டி இருமல் வந்ததுதான் மிச்சம். மெதுவாகத் தொட்டால் தொட்ட மாதிரியே இல்லை. மணிக்கட்டில் அந்தத் தொல்லை கிடையாது. வண்டியிலிருந்து கிரேடு இறக்கும் நேரத்தில் கைக்கு ஒரு நிமிடம் அழுத்திவிடலாம், யாரும் கவனிப்பதுகூட இல்லை. தொண்டைக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தியன்தூ இருக்கும், உடம்பின் முன்பக்க நடுக்கோட்டில் ஓடும் ரென் நாளத்தைத் திறக்கும் சாவியாகச் சீன மரபு லியேச்சுவேயைத்தான் வைத்திருக்கிறதாம். கழுத்து, தலை வலிக்கும் அதைத்தான் முதலில் தேடுவார்களாம்.

தொண்டைக்குழியையும் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஊசி போட்ட அன்று சளி சீக்கிரம் இளகியது. அன்றே ஆவியும் பிடித்தேன், எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இழுப்பு வந்தால் எனக்கு இன்ஹேலர்தான், அதை ஒருநாளும் நிறுத்தியதில்லை. குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

லியேச்சுவேக்கு ஒரு ஜோடியும் உண்டு, உள் கணுக்கால் எலும்புக்கு நேர் கீழே இருக்கும் கேஐ 6. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் தொண்டைக்கு முழுப் பலன் என்றார் மருத்துவர். அழுகிய தக்காளியும் சேறுமாகக் கிடக்கிற மண்டியில் குனிந்து கணுக்காலைப் பிடிக்க யாரால் முடியும்? நாலு நாளோடு விட்டுவிட்டேன்.