ஜூடி ப்ளூமின் 'ஃபாரெவர்': ஆர்ட்டியைப் பற்றி யார் பேசுவது?

வளரிளம் பிள்ளைகளோடு உடல்நலம் பற்றிப் பேசுவது என் வேலை. "இந்த நாவலைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியோடு அடிக்கடி வருகிற பெயர் அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூமின் 'ஃபாரெவர்'. 1975-இல் வெளியான புத்தகம். பதின்ம வயதினரின் காதலையும் உடல் நெருக்கத்தையும் ஒளிவுமறைவின்றிப் பேசுவதால், இன்றுவரை அதை வைத்துச் சண்டை ஓயவில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் தன் அரசுப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் நீக்கச் சொன்ன முதல் 13 புத்தகங்களில் இதுவும் உண்டு. மூன்று பள்ளி மாவட்டங்கள் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) வேண்டாம் என்று முடிவெடுத்தாலே போதும், மாநிலம் முழுக்க அந்தப் புத்தகத்தை எடுத்துவிட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதே நாட்டில்தான், இதே நாவலுக்காக, 1996-இல் நூலகர்கள் ப்ளூமுக்கு இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது கொடுத்தார்கள்.

எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் சொல்வதை நிறையக் கேட்டாயிற்று. நான் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டது வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்க. இதில் இருக்கும் உடல்நலத் தகவல் இன்றைக்குச் செல்லுபடியாகுமா? நண்பர்கள் கொடுக்கும் நெருக்குதலை நாவல் சரியாகக் காட்டுகிறதா? முதல் கேள்வியில் புத்தகம் தேறிவிடுகிறது, சில திருத்தங்களோடு. இரண்டாவதில் பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது. தடை கேட்பவர்கள் விரல் வைத்துக் காட்டும் பக்கங்களில் அந்தக் குறை இல்லை. அது ஆர்ட்டி என்ற வேறொரு பையனின் கதையில் இருக்கிறது.

கதை எளியது. பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் கேத்ரின், ஒரு விருந்தில் மைக்கேலைச் சந்திக்கிறாள். காதல். எப்போது நெருங்குவது, நெருங்கலாமா, கூடாதா என்று பல பக்கங்களுக்கு யோசிக்கிறாள். பிறகு முடிவெடுக்கிறாள். கோடையில் இருவரும் வெவ்வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போக, அவள் மனம் மாறுகிறது, காதல் முடிகிறது. யாரும் அவளைத் தண்டிக்கவில்லை. அவள் கர்ப்பமாகவில்லை, நோய்வாய்ப்படவில்லை, வீட்டை விட்டு ஓடவில்லை. இந்த "ஒன்றும் ஆகவில்லை" என்பதுதான் 1975-இல் அதிர்ச்சி. அதுவரை வந்த இளையோர் நாவல்களில் இப்படி ஒரு பெண் வந்தால் அவளுக்குக் கெடுதல் நிச்சயம். ப்ளூமின் மகள் ராண்டி அந்த மாதிரிக் கதைகளைப் படித்துச் சலித்துப்போய், இரண்டு நல்ல பிள்ளைகள் காதலித்து, யாரும் சாகாமல் முடிகிற கதை ஒன்று வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். நாவல் அவளுக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்த பகுதி காதல் காட்சி எதுவும் இல்லை. கேத்ரின் மருத்துவ மையத்துக்குப் போகும் பகுதிதான். அவளுடைய பாட்டி ஒரு வழக்கறிஞர். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய துண்டுப் பிரசுரங்களைத் தபாலில் பேத்திக்கு அனுப்பி வைக்கிறார். பேத்திக்கு முதலில் கோபம் வருகிறது. பிறகு படிக்கிறாள். தானே தொலைபேசியை எடுத்துப் பேசி நேரம் வாங்கிக்கொண்டு, தானே போகிறாள். அங்கே என்ன கேட்பார்கள், யார் பேசுவார்கள், பரிசோதனை எப்படி நடக்கும் என்று படிப்படியாக வருகிறது. மருத்துவமனை வாசல்வரை வந்து திரும்பிப் போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சிகிச்சையைவிட "உள்ளே போனால் என்ன நடக்குமோ" என்பதுதான் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பயத்தை ஒரு கதையால் குறைக்க முடியும். அறிவுரை சொல்லிக் குறைப்பது கஷ்டம்.

அம்மாவும் நன்றாக எழுதப்பட்டிருக்கிறார். நூலகர். மகளைக் கத்தவில்லை, கண்டும் காணாமலும் இருக்கவில்லை. ஒரு நாளிதழ்க் கட்டுரையை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றிய கட்டுரை அது. படிப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள அதில் நான்கு கேள்விகள் உண்டு. கடைசிக் கேள்வி, இந்த உறவு எப்படி முடியும் என்று யோசித்திருக்கிறாயா என்பது. பதினேழு வயதில் யாரும் அதை யோசிப்பதில்லை. கேத்ரினும் யோசிக்கவில்லை. அம்மா விளக்கம் சொல்லாமல் விட்டுவிடுகிறார். நாவலின் கடைசிப் பகுதி முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி, எது பழையதாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். நாவல் எழுதப்பட்ட காலத்தில் பொறுப்பு என்றால் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்வது. மாத்திரை கைக்கு வந்ததும் கதை அந்தக் கவலையை மூடி வைத்துவிடுகிறது. இத்தனைக்கும் தனக்கு முன்பு வெட்டை நோய் என்ற பால்வினை நோய் வந்து குணமானதாக மைக்கேலே சொல்கிறான்! இன்றைய செவிலியர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு இருவரையும் பரிசோதனைக்கு அனுப்புவார். கருத்தடை மாத்திரை எந்தப் பால்வினை நோயையும் தடுக்காது. கர்ப்பத்தையும் நோயையும் ஒருசேரத் தடுக்க உதவுபவை ஆணுறையும் பெண்ணுறையும்தான். வெட்டை நோயோ, கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோயோ வந்த பெண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் தொற்று கருக்குழாய்வரை பரவி, பின்னாளில் பிள்ளை பெறுவதற்கே தடையாகலாம். எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வந்ததே 1981-இல்தான். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2006-இல். எய்ட்ஸையும் இந்தத் தடுப்பூசியையும் 1975-இன் கேத்ரின் அறிந்திருக்க முடியாது.

ப்ளூம் கதையைத் திருத்தி எழுதவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில் ஒரு குறிப்புச் சேர்த்தார். தான் எழுதிய காலத்தில் பொறுப்பு என்பதன் பொருள் வேறு, இன்று நோயிலிருந்து காத்துக்கொள்வதும் அதில் சேரும் என்று நேராகச் சொல்லிவிட்டார். அவர் செய்தது சரி. கதைக்குள் கைவைத்து, ஆணுறை பற்றி நான்கு வரி வசனத்தைத் திணித்திருந்தால் பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்திருப்பார்கள். அப்படி எழுதப்பட்ட நாவல்களும் நிறைய வருகின்றன. திடீரென்று ஒரு பாத்திரம் சுகாதாரத் துறைச் சுவரொட்டியின் குரலில் பேசத் தொடங்கும். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். பழைய பதிப்பு கிடைத்தால் இந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இப்படிப்பட்ட கதையைப் படித்தால் பிள்ளைகள் செய்துபார்க்கத் தூண்டப்படுவார்கள் என்பது எதிர்ப்பவர்களின் பெரிய வாதம். அந்தப் பயத்தை நான் கிண்டலாகப் பார்ப்பதில்லை. பிள்ளை மேல் அக்கறை உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பயம் வரும். ஆனால் பள்ளிகளில் முறையாகத் தரப்படும் பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உடலுறவில் இறக்கிவிடுவதில்லை என்று யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. நாவல் பாடத்திட்டம் ஆகாது. அந்த முடிவை அப்படியே தூக்கி நாவலுக்குப் பொருத்த நான் தயங்குகிறேன். என் அனுபவத்தில், தெரிந்துகொள்ளத் துடிக்கும் பிள்ளைக்கு வழி ஏதாவது கிடைத்துவிடும். கைப்பேசியில் கிடைக்கும் ஆபாசப் படத்தில் பாட்டியும் இல்லை, மருத்துவ மையமும் இல்லை, மறுநாள் காலையும் இல்லை. கேத்ரினின் கதையில் மூன்றும் இருக்கின்றன.

நெருக்குதலுக்கு வருகிறேன். மைக்கேல் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கேத்ரின் இன்னும் இல்லை என்கிறாள். அவன் முகம் சுருங்குகிறது, ஆனாலும் நிறுத்திக்கொள்கிறான். பிறகு மறுபடியும் கேட்கிறான். இந்த இழுபறியை நாவல் காதலின் இயல்பான பகுதியாகக் காட்டுகிறது. இன்றைய பெண் பிள்ளைகள் இதை அவ்வளவு இலகுவாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை வேண்டாம் என்ற பிறகு திரும்பத் திரும்பக் கேட்பதும் நெருக்குதல்தானே என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் கேத்ரினுக்குத் தன் மனம் தெரிந்திருக்கிறது. உடலுக்கு ஒரு விருப்பம், தனக்கு ஒரு முடிவு, இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பெண் அவள்.

ஆர்ட்டிக்கு அது வாய்க்கவில்லை. பள்ளி நாடகத்தில் ஜொலிக்கும் பையன். நடிப்புப் படிக்க ஆசை, அப்பா சம்மதிக்கவில்லை. கேத்ரினின் தோழி எரிக்கா அவனோடு பழகுகிறாள். அவன் அவளிடம் உடலளவில் நெருங்காததால், நீ தன்பாலின ஈர்ப்புள்ளவனா என்று நேரடியாகவே கேட்கிறாள். தெரியவில்லை என்கிறான். அப்படியானால் கண்டுபிடிக்க நான் உதவுகிறேன் என்று அவள் முடிவெடுத்துவிடுகிறாள். எரிக்கா கெட்டவள் இல்லை. அவளுக்கு அவனைப் பிடிக்கும். உண்மையிலேயே உதவி செய்வதாக நினைக்கிறாள். கேத்ரினும் மற்றவர்களும் இதை ஒரு சுவாரசியமான விஷயமாகப் பார்க்கிறார்கள். பிறகு ஆர்ட்டி தற்கொலைக்கு முயல்கிறான். உயிர் பிழைக்கிறான், மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறான். கதை கேத்ரினிடமும் மைக்கேலிடமும் திரும்பிவிடுகிறது.

என் அண்ணன் மகள் இந்த நாவலை முடித்துவிட்டு வந்து கேட்ட முதல் கேள்வி காதலைப் பற்றியது இல்லை. "அத்தை, அந்த ஆர்ட்டிக்கு அப்புறம் என்னாச்சு? அவன்கிட்ட யாராவது மன்னிப்புக் கேட்டாங்களா?" என்றாள். கேட்டதாக நினைவில்லையே என்று நான் புத்தகத்தைப் புரட்டினேன். "அந்த எரிக்கா கேட்டது தப்புன்னு அவளுக்கே தெரியலைல்ல, அத்தை? எங்க கிளாஸ்லயும் இப்படித்தான். சும்மா கேட்டேன்னுவாங்க" என்றாள்.

நெருக்குதல் என்றால் முரட்டுப் பையன்கள் கூடி நின்று சிகரெட்டை நீட்டுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அன்பானவர்கள், அன்பான குரலில், நீ இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கேட்கிறார்கள். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக விளையாடியதைவிட, கூட நண்பர்கள் இருந்தபோது பதின்ம வயதினர் கூடுதலாக ஆபத்தை இழுத்துக்கொண்டார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. நண்பன் அறையில் இருப்பதே போதும், அவன் எதையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஆர்ட்டி விஷயத்தில் நண்பர்கள் சும்மா இருக்கவுமில்லை.

பையனுக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றலாம் என்பதே அந்தக் கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. இதில்தான் எனக்கு நாவலின் மேல் வருத்தம். ப்ளூம் இதைக் கண்டிருக்கிறார், 1975-இலேயே எழுதவும் செய்திருக்கிறார். அன்று பலரும் துணியாத இடம். ஆனால் கேத்ரினுக்குக் கிடைத்த பாட்டியையும் அம்மாவையும் துண்டுப் பிரசுரத்தையும் ஆர்ட்டிக்குக் கொடுக்கவில்லை. புத்தகத்தைத் தடை செய்யச் சொல்பவர்கள் கேத்ரினின் படுக்கையறைப் பக்கங்களைத்தான் கூட்டங்களில் வாசித்துக் காட்டுகிறார்கள். காப்பாற்றப் பேசுபவர்களும் அதே பக்கங்களைத்தான் காப்பாற்றுகிறார்கள். ஒரு பையன் தன்னை மாய்த்துக்கொள்ளப் பார்த்த பக்கம் இரு தரப்புக்கும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

எரிக்காவின் உறவுக்காரப் பெண் சிபில் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் கர்ப்பத்தை மறைத்து, பிள்ளை பெற்று, தத்துக் கொடுக்கிறாள். கேத்ரினுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துக் காட்ட ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. ஒட்டவில்லை.

இதே தட்டில் வைத்துப் படிக்க வேண்டியது 1999-இல் வந்த லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்'. மெலிண்டா ஒரு விருந்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவள்; அந்த விருந்துக்குக் காவல்துறையை அழைத்தவள் என்பதற்காகப் பள்ளியே அவளை ஒதுக்கி வைக்கிறது. ஏன் அழைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. சக மாணவர்களின் அழுத்தம் ஒருத்தியின் குரலையே எப்படி விழுங்கும் என்று அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. உடல்நலத் தகவலுக்கு 'ஃபாரெவர்', அழுத்தத்துக்கு 'ஸ்பீக்' என்று நான் சேர்த்தே கொடுக்கிறேன். 'ஸ்பீக்' கனமானது. வன்முறையை அனுபவித்த பிள்ளைக்கு முன்னறிவிப்பு இல்லாமல் கொடுக்கக் கூடாது.

'ஃபாரெவர்' பதினாறு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. அதற்கு முன்னால் கேட்கும் பிள்ளைக்கு, பெற்றோர் முதலில் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். மொழி எளிது, ஓரிரு நாளில் முடித்துவிடலாம். உடல் நெருக்கம் ஒளிவுமறைவின்றி வருகிறது, அது தெரிந்தே வாங்குங்கள். பையன்களுக்குக் கட்டாயம் கொடுங்கள். இது பெண்பிள்ளைப் புத்தகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், ஆர்ட்டி இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

நான் கொடுக்கும் பிரதிக்குள் ஒரு தாள் வைத்துக் கொடுக்கிறேன். அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன், வழக்கமாகக் கிடைக்கும் வகைக்கு 72 மணி நேரம்தான் கணக்கு என்று அதில் இருக்கும். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் அதைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று இருக்கும். அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துகொள் என்று இருக்கும். அதன் கீழே, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அழைக்க வேண்டிய உதவி எண். அந்த எண்ணை ஆர்ட்டி வரும் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன்.