கார் விவரக் கையேடு: எழுத்துச் சுருக்கங்களை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?

அண்மையில் நான் வரி விடாமல் வாசித்த, ஒரு நடுத்தரப் பெட்ரோல் காரின் விவரக் கையேடு நல்ல தாளில் தெளிவான படங்களுடன் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் காரை மதிப்பிட உண்மையில் உதவ வேண்டிய கடைசிப் பக்க அட்டவணை முழுவதும் எழுத்துச் சுருக்கங்கள். அவற்றுக்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

எஞ்சின் பகுதி பாராட்டத்தக்கது. 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுழற்சி) 100 பிஎஸ், 4000 ஆர்பிஎம்மில் 140 என்எம் (நியூட்டன் மீட்டர்) என்று திறனையும், சுழற்று விசையான டார்க்கையும் அவை கிடைக்கும் சுழற்சி வேகத்தோடு சேர்த்தே தந்திருக்கிறார்கள். உச்ச டார்க் எவ்வளவு குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறதோ, நெரிசலில் அவ்வளவு குறைவாகக் கியர் மாற்றினால் போதும் என்பதால், இந்த 4000 என்ற எண் மிக முக்கியமானது. ஆனால் முன்பக்கத்தில் அதே எஞ்சினுக்கு 98.6 பிஎச்பி என்று போட்டிருப்பது தேவையற்ற குழப்பம். இரண்டும் ஏறத்தாழ 73.5 கிலோவாட் என்ற ஒரே திறன்தான். அலகு மட்டுமே வேறு.

பாதுகாப்புப் பகுதியில் ஏபிஎஸ், ஈபிடி இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் முதலாவது காக்கிறது; முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையை இரண்டாவது பிரித்துத் தருகிறது. அவற்றைவிட ஒருபடி மேலான ஈஎஸ்சியோ, உயர்ந்த வேரியன்ட்டின் கட்டத்தில் ஒரு சிறு புள்ளியாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஸ்டியரிங் திரும்பிய திசையில் வண்டி போகாமல் சறுக்கும்போது, தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் கொடுத்து வண்டியை நேர்ப்படுத்துவது இதுதான். இதையே டொயோட்டா விஎஸ்சி என்றும், ஹோண்டா விஎஸ்ஏ என்றும், பிஎம்டபிள்யூ டிஎஸ்சி என்றும் குறிப்பிடுவதால், பெயரை மட்டும் பார்த்து ஒப்பிடுபவர் அந்நிறுவனங்களின் கார்களில் ஈஎஸ்சி இல்லை என்றே முடிவு செய்துவிடக்கூடும்.

டயர் வரி முழுமையாக இருக்கிறது: 205/55 ஆர்16 91வி. அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரேடியல் வகை, ரிம் விட்டம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வேக வரம்பையும் குறிக்கின்றன.

கையேட்டின் பெரிய குறை கியர்பாக்ஸ் கட்டத்தில் இருக்கிறது. அங்கே ஆட்டோமேட்டிக் என்பதைக் குறிக்கும் ‘ஏடி’ என்ற இரண்டே எழுத்துகள். வழக்கமான மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் கருவி இயக்கும் ஏஎம்டியா, பெல்ட்டும் புல்லியும் கொண்டு படியில்லாமல் மாறும் சிவிடியா, இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடியா, எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகையா என்று தெரியவில்லை. ஏஎம்டி கியர் மாறும்போது ஒரு சிறு குலுக்கல் உணரப்படும். சிவிடியில் அது இராது. நாள்தோறும் ஓட்டப்போகிறவருக்குத் தோல் இருக்கையைவிட இந்த வேறுபாடே பெரிது. ஆகவே, முன்பணம் கட்டுமுன் கியர்பாக்ஸ் எந்த வகை என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதோடு, அந்த வேரியன்ட்டையே ஏற்றத்திலும் நெரிசலிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.