மேன்ஷனா, பிஜியா, தாம்பரம் பக்கம் வீடா?

சங்கரன்கோவில், ராஜபாளையம், கோவில்பட்டி பக்கமிருந்து சென்னைக்கு வேலைக்குக் கிளம்பும் பையன்கள் போன் போட்டால் முதலில் கேட்பது "வாடகை எவ்வளவுண்ணே வரும்?" என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் முதல் கேள்வி அதுவாக இருக்கக் கூடாது. இந்த இடம் ஒத்துவராது என்று ரெண்டாவது மாதமே தெரிந்துவிட்டால், அங்கிருந்து கிளம்ப எனக்கு எவ்வளவு செலவாகும்? முதலில் அதைக் கேளுங்கள். ஏனென்றால் முதல் வருஷத்தில் எதுவும் நிலையாக இருப்பதில்லை. கிண்டியில் ஆபீஸ் என்று சொல்லி எடுப்பார்கள், மூன்றாவது மாதம் சிறுசேரிக்குப் போகச் சொல்வார்கள். கூட வந்த நண்பனுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும். அப்போது உங்கள் பணம் யாருடைய கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

சென்னையில் தனியாக வரும் ஒருவருக்கு உண்மையில் இருக்கும் வழிகள் மூன்று. திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் பக்கம் மேன்ஷன் என்று சொல்லும் பழைய விடுதிகளில் ஒரு ரூம். வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை பக்கம் புற்றீசல் மாதிரி கிளம்பியிருக்கும் பிஜி, அதாவது சாப்பாட்டோடு சேர்த்துத் தங்க இடம் கொடுக்கும் பேயிங் கெஸ்ட் விடுதி. அப்புறம், மூன்று நாலு பேர் சேர்ந்து தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் எடுக்கும் வீடு. நாலாவதாகச் சித்தப்பா வீடு என்று ஒன்று இருக்கிறது. முதல் ஒரு வாரத்துக்கு அதைப்போல உத்தமம் கிடையாது, அதற்கு மேல் இருந்தால் உங்கள் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவே நல்லது கெட்டதுக்குக்கூடப் பேச்சு இருக்காது. அதோடு அதை விட்டுவிடுகிறேன்.

மேன்ஷனிலிருந்து ஆரம்பிப்போம், எனக்கு அதன் மேல் கொஞ்சம் பாசம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணி பெரிய தெருவிலும், பைக்ராப்ட்ஸ் ரோடு என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லும் பாரதி சாலையை ஒட்டிய சந்துகளிலும் நடந்தால், பழைய மூன்று மாடிக் கட்டிடங்கள், நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாகக் கதவுகள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒரு இரும்புக் கட்டில், ஒரு மேசை, சுவருக்குள் பதித்த ஒரு அலமாரி, தலைக்கு மேல் ஃபேன். அவ்வளவுதான் ரூம். அலமாரிக் கதவின் உள்பக்கம் முன்னால் இருந்தவர் பென்சிலால் எழுதிவைத்த பரீட்சைத் தேதியோ, பால்காரர் கணக்கோ அழியாமல் இருக்கும். பாத்ரூம் பொது. காலையில் ஏழு மணிக்கு வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும், ஆறு மணிக்கே எழுந்துவிட்டால் நிற்க வேண்டாம். சமைக்க விடமாட்டார்கள். ஊரிலிருந்து அப்பா வந்தால் ஒரு ராத்திரி தங்க மேனேஜரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், சில இடங்களில் அதற்குத் தனிக் காசு.

ஆனால் பாருங்கள், ஆதார் நகலும் ஒன்றிரண்டு மாத வாடகை அட்வான்ஸும் கொடுத்தால் அன்று சாயங்காலமே சாவி கையில். பிடிக்கவில்லை என்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். என்ன ஆளுங்க, அசைவம் சாப்பிடுவீங்களா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. வெளியே இறங்கினால் மெஸ்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. காசி விநாயகாவில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிடுவது ஒரு அனுபவம், மாதக் கடைசியில் ரத்னா கஃபே சாம்பார் இட்லிக்குக் காசில்லை என்றால் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி இருக்கிறது. பணம் தீர்ந்துபோன இருபதாம் தேதிக்கு மேல் மெரினா வரை நடந்து போய் வரலாம், அதற்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு லாபம்: பாரதி சாலைப் பிளாட்பாரத்தில் பழைய புத்தகங்கள் கிடைக்கும், பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கினால் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், அங்கே சொந்தப் புத்தகத்தை எடுத்துப் போய்ப் படிக்கவே தனி இடம் இருக்கிறது.

சென்னை ஐ.டி. வேலை என்றாலே மேன்ஷன் தூரம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் திருவான்மியூரில் இறங்கலாம், டைடல் பார்க் அங்கிருந்து கூப்பிடு தூரம். பெருங்குடியில் ஆபீஸ் என்று பெருங்குடி ஸ்டேஷனில் மட்டும் இறங்கிவிடாதீர்கள், அந்த ஸ்டேஷன் வேளச்சேரி பக்கம் ஒதுங்கி இருக்கிறது, ஆபீஸ்கள் எல்லாம் பழைய மகாபலிபுரம் சாலையோரம், நடுவில் வெயிலில் நடக்க வேண்டும். சோழிங்கநல்லூர் தாண்டி ஆபீஸ் என்றால் மட்டும் மேன்ஷன் கட்டுப்படியாகாது, போக வர மூணு மணி நேரம் போய்விடும்.

பிஜிக்கு வருவோம். பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு போர்டு இருக்கும். சாப்பாடு, வைஃபை, துணி துவைக்க மிஷின், எல்லாம் சேர்த்து மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை, கணக்குப் பார்க்கத் தெரியாத வயசுக்கு அது பெரிய நிம்மதி. மூன்று பேர் ரூம் என்பார்கள், ஒருவருக்குச் சுவர், ஒருவருக்கு ஜன்னல், நடுவில் இருப்பவருக்குச் செல்போன் சார்ஜ் போடக்கூடப் பிளக் எட்டாது. கூட இருப்பவருக்கு நைட் ஷிப்ட் என்றால் உங்களுக்குப் பகலில் லைட் கிடையாது. மெனு சுவரில் அழகாக ஒட்டியிருக்கும், புதன் முட்டை, ஞாயிறு சிக்கன். நேரில் போனால் சாம்பார் எது ரசம் எது என்று கேட்டுத்தான் ஊற்ற வேண்டும். நான் இருந்த ஒரு பிஜியில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போனால் அடிச் சாதமும் ஊறுகாயும்தான் மிஞ்சும், வெளியே சாப்பிட்ட காசு தனியாக, உள்ளே கட்டிய காசு தனியாக. அதனால் பிஜி பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போகாதீர்கள், ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். பாத்ரூம் குழாயையும் திறந்து பாருங்கள். அந்தச் சாலை முழுக்கப் பெரும்பாலும் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும்தான், உப்பு ஏறிய தண்ணீரில் குளித்து முடி கொட்டுகிறது என்று புலம்பாத ஆளை அங்கே நான் பார்த்ததில்லை.

பிஜியின் பெரிய பலம் ஆபீஸுக்கு நடந்து போகலாம் என்பது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டி, நடுவில் தடுப்பு வைத்து, வண்டிகள் ஊர்ந்து போகும் சாலை அது. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் போகிறவனையும் பத்து நிமிஷம் நடந்து ரூமுக்கு வந்து படுக்கிறவனையும் ஆறு மாதம் கழித்து முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பலவீனம் என்னவென்றால், ஊரைப் பார்க்கவே மாட்டீர்கள். ஆபீஸ், ரூம், ஸ்விக்கி, மறுபடி ஆபீஸ். மயிலாப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே சென்னையில் ரெண்டு வருஷம் இருந்தவர்கள் எனக்குத் தெரியும். இன்னொன்று, வேலை போனாலும் மாறினாலும் அந்த இடத்துக்கு அர்த்தமே போய்விடும். அட்வான்ஸ் குறைவு, ஒரு மாத நோட்டீஸ், கிளம்பும்போது மெயின்டனன்ஸ் என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பணம் கட்டும் அன்றே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை அங்கே செல்லாது.

மூன்றாவது, வீடு. நம்ம ஊர்ப் பையன்களுக்கு இதன் மேல்தான் ஆசை. சொந்தச் சமையல், சொந்த பாத்ரூம், அம்மா வந்தால் ஒரு வாரம் தங்கலாம். தாம்பரம் பக்கம் என்றால் கூடுதல் ஆசை, ஏனென்றால் பொதிகை ரயிலோ நெல்லை ரயிலோ அங்கே நிற்கும், விடிகாலையில் இறங்கி நேராக வீட்டுக்குப் போய்விடலாம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் இதே லாபம், தென்மாவட்ட அரசு பஸ்கள் ஊருக்குள் வராமல் அங்கேயே இறக்கிவிடுகின்றன. தீபாவளி, பொங்கலுக்கு மூட்டையோடு திருவல்லிக்கேணியிலிருந்து கிளாம்பாக்கம் போகிறவன் படும் பாட்டைப் பார்த்தால் தாம்பரம்காரன் ராஜா. வேலை கிண்டி, சைதாப்பேட்டை, எழும்பூர் பக்கம் என்றால் மின்சார ரயில் சீசன் டிக்கெட் போதும், மாதம் முழுக்கப் போய்வரும் செலவு ஒரு சினிமாவுக்குப் போகும் செலவை எட்டாது. ஏறுவதற்குத் தெம்பு வேண்டும், அது வேறு விஷயம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். அஞ்சு மாத அட்வான்ஸ் 75,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 15,000. முதல் மாத வாடகை 15,000. கதவைத் திறப்பதற்கு முன்பே 1,05,000. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 35,000, இன்னும் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர என்று ஒரு வாசகமும் அதிலேயே இருக்கிறது. அந்த வாசகத்துக்குள் எத்தனை ஹவுஸ் ஓனர்கள் வேண்டுமானாலும் புகுந்து போகலாம். கரண்டுக்குத் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குவார்கள், அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசம் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. கிளம்பும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகை போகும், நீங்கள் சுவரில் ஒரு ஆணி அடித்திருக்காவிட்டாலும்.

இதெல்லாம் வீடு கிடைத்தால். "பேச்சிலரா? ஃபேமிலிக்குத்தான்" என்று பாதிப் பேர் போனிலேயே வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் "எந்த ஊரு" என்று ஆரம்பித்து, "அங்க எந்தத் தெரு" என்று வந்து, சுற்றிவளைத்து எங்கே போய் நிற்பார்கள் என்று தெற்கத்திக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நகரத்துக்கு வந்துவிட்டால் இந்தக் கேள்வி இருக்காது என்று நம்பி வருகிறவர்களுக்குத்தான் இது ரொம்ப வலிக்கும். இந்த விஷயத்தில் மேன்ஷனும் பிஜியும் எவ்வளவோ மேல், காசு கொடுத்தால் கட்டில்.

வீடு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பது. ஏப்ரலில் பார்த்தால் வெள்ளம் தெரியாது, நவம்பரில் பார்த்தால் தண்ணீர்ப் பஞ்சம் தெரியாது. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் 2015 டிசம்பரிலும் மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும். கீழ்த்தளம் வாடகை குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள், ஓனரிடம் அல்ல, எதிரே இருக்கும் மளிகைக்கடைக்காரரிடம். எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று அவர் கையால் காட்டுவார்.

பெண்களுக்கு இந்தக் கணக்கே வேறு. நான் மேலே புகழ்ந்த மேன்ஷன்கள் எல்லாம் ஆண்களுக்கு மட்டும்தான், அதனால் லேடீஸ் ஹாஸ்டலா வீடா என்பதுதான் கேள்வி. பெண்கள் விடுதிகளை 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும், போனதும் அதைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள். அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன, இடம் காலியாக இருந்தால் தனியார் பக்கமே போக வேண்டாம் என்பேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் போக்குவரத்துச் செலவு கடிக்காது. ஆனால் பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு, விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்ற இரண்டையும் ஆபீஸ் நேரத்தோடு பொருத்திப் பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

சரி, என்னைக் கேட்டால்? ஆபீஸ் சோழிங்கநல்லூருக்கு அந்தப் பக்கம் என்றால் யோசிக்காமல் பிஜி, அதுவும் ரெண்டு பேர் ரூம், மூன்று பேர் ரூமில் மிச்சம் பிடிக்கும் காசு தூக்கத்துக்குச் சரியாகாது. வேறு எங்கே வேலை என்றாலும், அல்லது வேலையே இனிமேல்தான் தேட வேண்டும் என்றாலும், மேன்ஷன். பொது பாத்ரூம் ஒரு மாதத்தில் பழகிவிடும், ஊரும் பிடிபடும், கையிலும் காசு நிற்கும். வீடு, வேலை நிரந்தரமான பிறகு, அதுவும் கூட இருக்கப்போகிறவர்களோடு ஏற்கெனவே ஒரு ரூமில் இருந்து பார்த்த பிறகு. பள்ளிக்கூடத்து நண்பன் என்பதற்காக மட்டும் சேர்ந்து வீடு எடுக்காதீர்கள். பாத்திரம் யார் கழுவுவது என்று ஆரம்பித்து, பாதியில் ஒருவன் கிளம்பும்போது அவன் பங்கு 25,000 அட்வான்ஸை யார் தருவது என்பதில் நட்பு முடிந்த வீடுகள் தாம்பரத்தில் நிறைய உண்டு. அப்படியும் வீடுதான் என்றால் அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு, கிளம்புகிறவன் தனக்குப் பதில் ஆள் பிடித்துத் தர வேண்டுமா இல்லையா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி மூன்று பேரும் ஓகே போட்டுவிடுங்கள். புது முகவரிக்கு கேஸ் கனெக்‌ஷன் வரும் வரை, அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் போதும், மூன்று பேச்சிலர்கள் சமைக்கிற சமையலுக்கு அது நன்றாகவே தாங்கும்.