வெட்டாத கத்தரிக்கோல்: ஒரு கைவினைப் பெட்டியின் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கென்று விற்கப்படும் ஒரு கைவினைப் பெட்டியின் விலையை அண்மையில் குறைத்திருக்கிறார்கள். "உன் வீட்டில்தான் நெடுநாளாக இருக்கிறதே, என் மகனுக்கு வாங்கலாமா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் அதையே முழுமையாக எழுதிவிடுகிறேன். பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை அதன் மேலட்டைப் படமே காட்டிவிடும் என்பதால் பட்டியலிடப் போவதில்லை. பெட்டி வந்தபோது என் மகளுக்கு மூன்றரை வயது. இப்போது ஆறை நெருங்குகிறாள். அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

முதலில் மனதார மகிழ்ந்த பொருளைச் சொல்ல வேண்டும். அது மரத்தில் அறுத்த டேங்கிராம் என்னும், துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் புதிர். ஒரு சதுரத்திலிருந்து பிறந்த ஏழு துண்டுகள்: பெரிய முக்கோணங்கள் இரண்டு, நடுத்தர முக்கோணம் ஒன்று, சிறிய முக்கோணங்கள் இரண்டு, ஒரு சதுரம், ஓர் இணைகரம். தொடக்கத்தில் அவள் துண்டுகளை அடுக்கி வீடு என்றாள், மீன் என்றாள்; படத்தாளில் இருந்த வடிவங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, இரண்டு சிறிய முக்கோணங்களைச் சேர்த்தால் சதுரத்தின் மேல் சரியாகப் பொருந்துகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்தாள். அதே இரண்டும் இணைகரத்தின் மேலும், நடுத்தர முக்கோணத்தின் மேலும் பொருந்துவதைப் பார்த்தபோது அவள் முகத்தில் தெரிந்த வியப்பை நான் மறக்க மாட்டேன். தோற்றத்தில் வேறுபட்ட மூன்று துண்டுகள் பரப்பளவில் ஒன்றே என்பதை, பரப்பளவு என்ற சொல்லை அறியாமலேயே ஒரு குழந்தை கையால் அறிந்துகொள்கிறது. எந்தப் பயிற்சித்தாளும் இதற்கு ஈடாகாது.

இதைவிட அழகான பாடம் இணைகரத்தில் இருந்தது. மற்ற ஆறு துண்டுகளையும் மேசையில் வைத்தபடியே சுழற்றினால் போதும், வேண்டிய திசைக்கு வந்துவிடும். இணைகரம் அப்படி வராது. சில உருவங்களில் அதை எடுத்துக் கவிழ்த்துப் போட்டால்தான் பொருந்தும். இடப்பக்கம் சாய்ந்ததை எவ்வளவு சுழற்றினாலும் வலப்பக்கம் சாய்ந்ததாக ஆக்க முடியாது என்பதை அவள் புரிந்துகொள்ள நீண்ட காலம் பிடித்தது. அது பிடிபட்ட நாளில் இணைகரத்தைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாகவே மாலை முழுவதும் கழிந்தது.

அடுத்தது, பிசைந்து விளையாடும் வண்ண மாவு. பெட்டியோடு வந்த மாவு, மூடி சரியாக இறுகாததால் விரைவில் காய்ந்து உதிர்ந்தது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மாவை வீட்டிலேயே கிளறிக்கொள்வது எளிது. இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை உப்பு, இரண்டு கோப்பை தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் அடிபிடிக்காமல் கிளறினால் கலவை திரண்டு உருளும். ஆறியதும் பிசைந்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வாரக்கணக்கில் மென்மையாக இருக்கும். அதிக உப்புதான் அதை எளிதில் கெடாமல் காக்கிறது; அதே உப்பின் காரணமாக, குழந்தை அதைத் தின்றுவிடாமல் பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இந்த மாவு உருண்டைகளில் குச்சிகளைச் செருகி வடிவங்கள் கட்டுவதுதான் எங்கள் வீட்டில் மிக நீண்ட நாள் ஓடிய விளையாட்டு. பெட்டியின் கையேட்டில் இது இல்லை. 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கென்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான கல்வி நிலையத்தைத் தொடங்கிய பிரீட்ரிக் ஃப்ரோபெல் வகுத்த கைவேலைகளில், ஊறவைத்த பட்டாணிகளில் மெல்லிய குச்சிகளைச் செருகிக் கட்டும் வேலையும் ஒன்று. பட்டாணிக்குப் பதில் நாங்கள் மாவு உருண்டையை வைத்துக்கொண்டோம். நான்கு குச்சிகளால் ஆன சதுரம் தொட்டவுடன் சாய்கிறது, மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் அசையாமல் நிற்கிறது என்பதை இதில் குழந்தை விரலால் உணர்கிறது. சாயும் சதுரத்துக்குக் குறுக்கே நீளமான குச்சி ஒன்றைச் செருகினால் அதுவும் நிலைத்துவிடும். அந்தக் குறுக்குக் குச்சி சதுரத்தை இரண்டு முக்கோணங்களாக்கிவிட்டது என்று அவளாகச் சொன்னபோது எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

மெழுகு வண்ணக்குச்சிகள் தரமானவை, பசைக்குச்சி சுமார். கோக்கும் மணிகள் பெரியவை என்பதால் விழுங்கிவிடுமோ என்ற அச்சம் இல்லை, இருந்தாலும் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் ஒவ்வொரு பொருளையும் அளந்துவிடுவது நல்லது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனைகளில், சிறு துண்டுகளைக் கண்டறிய ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் அந்த வயதுக்கு ஆகாது.

இனி கத்தரிக்கோல்.

பெட்டியில் வந்த கத்தரிக்கோல் முழுக்க முழுக்க பிளாஸ்டிக்கால் ஆனது. கைப்பிடி மட்டுமன்றி அலகும் பிளாஸ்டிக்தான். விரலை வெட்டாது என்று மேலட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உண்மைதான், விரலை வெட்டாது; தாளையும் வெட்டாது. தாள் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் மடிந்து சிக்கிக்கொள்ளும், அல்லது ஓரம் நைந்து கிழியும். இது எங்களுக்கு வந்த ஒன்றில் மட்டும் நேர்ந்த பழுதாக இருக்கலாம் என்று எண்ணி மாற்றிக் கேட்டோம். மாற்றி அனுப்பியதும் அப்படியேதான் இருந்தது. காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நல்ல கத்தரிக்கோலில் இரண்டு அலகுகளும் முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இலேசாக வளைத்துப் பொருத்தப்பட்டிருப்பதால், மூடும்போது அந்தந்தக் கணத்தில் ஒரு புள்ளியில்தான் அழுத்தமாக உரசுகின்றன. அந்தப் புள்ளி அச்சாணியிலிருந்து நுனி வரை நகர்ந்து செல்வதைத்தான் நாம் வெட்டு என்கிறோம். மெல்லிய பிளாஸ்டிக் அலகு அழுத்தம் பட்டவுடன் விலகிக்கொடுக்கிறது. இடைவெளி விழுந்த இடத்தில் தாள் நுழைந்து மடிகிறது. அச்சில் திருகாணி இருந்தாலாவது இறுக்கிப் பார்க்கலாம். இதில் இருப்பது நிரந்தரமாக அடிக்கப்பட்ட ரிவெட்.

இடக்கைக் குழந்தைக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. வலக்கையால் கத்தரிக்கோலை மூடும்போது கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் எதிர்ப்பக்கமும் சற்றே தள்ளுகின்றன. வலக்கைக்கென்று செய்த கத்தரிக்கோலில் அந்தத் தள்ளல் அலகுகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது. அதையே இடக்கையில் பிடித்தால் தள்ளும் திசை மாறி அலகுகள் பிரிகின்றன. மேலும், வலக்கைக் கத்தரிக்கோலில் மேல் அலகு வலப்புறம் இருப்பதால், இடக்கையில் பிடிக்கும் குழந்தைக்கு வெட்ட வேண்டிய கோட்டை அந்த அலகே மறைத்துவிடுகிறது; கோட்டைப் பார்க்க அது கழுத்தைச் சாய்த்து, மணிக்கட்டை முறுக்கி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது, எப்படித் திருப்பினாலும் மேலே வரும் அலகு வலப்புறமேதான் இருக்கும். டேங்கிராம் இணைகரத்தைக் கவிழ்த்தால் திசை மாறும், கத்தரிக்கோலுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் மேலட்டையில் 'இரு கைகளுக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கிறார்கள். கைப்பிடி வளையங்கள் இரண்டும் ஒரே அளவில் இருப்பதை வைத்துச் சொல்லப்பட்ட கூற்று அது. அலகுகளின் அமைப்பு வலக்கைக்கானதுதான். மனிதர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்னும்போது, குழந்தைகளுக்கென்றே பொருள் செய்யும் நிறுவனம் இதைக்கூடக் கவனிக்காமல் விட்டது எனக்குப் பெருங்கோபத்தைத் தருகிறது.

நியாயமாகப் பார்த்தால், பாதுகாப்பைக் கருதிச் செய்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூர்மையான பொருளை மூன்று வயதுக் குழந்தையின் கையில் தனியே கொடுக்க யாருக்கும் மனம் வராது. வண்ண மாவைத் துண்டு போட மட்டும் என்றால் இந்தப் பிளாஸ்டிக் கத்தரிக்கோல் நன்றாகவே உதவுகிறது. திறந்து மூடும் அசைவைப் பழக அது நல்ல தொடக்கம் என்றும் சொல்வேன். மாவுக்கு என்று எழுதி விற்றிருந்தால் எனக்கு ஒரு சொல் குறையும் இருந்திருக்காது. காகித வேலைப்பாடுகளின் படங்களைக் கையேடு முழுவதும் அச்சிட்டுவிட்டு, அவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய விடாத கருவியை உடன் வைத்ததுதான் பிழை. வெட்டு விழாதபோது குழந்தை கருவியைக் குறை சொல்வதில்லை, தன் கையைத்தான் குறை சொல்கிறது. என் மகள் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டி, "எனக்கு வராது, நீங்களே வெட்டிக் கொடுங்க" என்று சொல்லத் தொடங்கினாள். அந்தப் பழக்கம் பல மாதங்கள் நீடித்தது. அவளுக்கு வராதது ஒன்றுமில்லை.

இது மிகையில்லை என்பது மாற்றுக் கத்தரிக்கோல் வந்ததும் தெரிந்தது. இடக்கைக்கென்றே செய்யப்பட்டது, உலோக அலகு, உருண்டையான நுனி, சுமார் 13 சென்டிமீட்டர் நீளம், இறுக்கித் தளர்த்தக்கூடிய திருகாணி. முதலில் இரண்டு விரல் அகலமுள்ள கெட்டித் தாள் பட்டைகளைக் கொடுத்தோம். பட்டை அகலம் குறைவாக இருந்தால் ஒரே கத்தரிப்பில் துண்டு விழும். துண்டு விழும்போதெல்லாம் குழந்தைக்கு வெற்றி. மெல்லிய தாள் தொங்கிச் சரியும், கெட்டித் தாள் நிமிர்ந்து நிற்கும் என்பதால் தொடக்கத்துக்குக் கெட்டித் தாளே ஏற்றது. பொதுவாக மூன்று வயதை ஒட்டித் தாளின் ஓரத்தை நறுக்கத் தொடங்கும் குழந்தைகள், நான்கு வயது அளவில் நேர்கோட்டிலும் பின்னர் வளைகோட்டிலும் வெட்டப் பழகுகிறார்கள். ஆளுக்கு ஆள் முன்பின் இருக்கும். என் மகளோ பிந்தித் தொடங்கியும் சில வாரங்களில் நேர்கோட்டைப் பிடித்துவிட்டாள்.

கற்றுக்கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு கைகளிலும் கட்டைவிரல் மேலே தெரிய வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகி உயர்ந்தால் மணிக்கட்டு திரும்பிவிடும். வட்டம் வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பக் கூடாது, தாளைப் பிடித்த கைதான் தாளைத் திருப்பித் தர வேண்டும். வலக்கைக் குழந்தைக்கு வட்டத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டுவதும், இடக்கைக் குழந்தைக்கு முள் சுற்றும் திசையில் வெட்டுவதும் எளிது. வலக்கைப் பழக்கமுள்ள பெற்றோர் இடக்கைக் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து காட்டுவதைவிட எதிரே அமர்ந்து காட்டினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் குழந்தை அப்படியே பின்பற்றிவிடும். பசை ஒட்டிய அலகு மழுங்கியதுபோல் நடந்துகொள்ளும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் மறுபடி சரியாக வெட்டும். வேலை முடிந்ததும் கத்தரிக்கோல் பெரியவரின் பொறுப்பில் உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். மேலே இத்தனை பாராட்டையும் எழுதிவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தாமல் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் பெட்டியின் பெரும்பாலான பொருள்கள் நன்றாகவே உழைத்தன. ஆனால் அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி நான் எழுதிக் கேட்டபோது, வேறு வகையாக மாற்றித் தர இயலாது, இடக்கை வகை தயாரிப்பில் இல்லை என்ற ஒரு வரிப் பதிலோடு முடித்துக்கொண்ட நிறுவனத்துக்கு, விலை குறைந்தது என்பதற்காக இன்னொரு குடும்பத்தை அனுப்ப எனக்கு மனம் இல்லை. குழந்தையின் கைக்குப் பொருந்தும் நல்ல கத்தரிக்கோல் ஒன்றும் கெட்டி அட்டையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மாவை வீட்டில் கிளறிக்கொள்ளலாம்.

டேங்கிராமையும் அந்த அட்டையிலேயே வெட்டிவிடலாம். ஒரு சதுர அட்டையை மூலைவிட்டத்தில் மடித்து வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்றை அதன் செங்கோண மூலை வழியாகச் சரிபாதியாக வெட்டினால் பெரிய முக்கோணங்கள் இரண்டும் வந்துவிடும். மற்றதில் செங்கோண மூலையை எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு மடித்து, மடிப்பில் வெட்டினால் நடுத்தர முக்கோணம் பிரியும். மிஞ்சிய சரிவகத்தை, அதன் இணையான இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகள் வழியாக வெட்டி இரண்டாக்க வேண்டும். அவற்றுள் ஒன்றின் கூர்மூலையை அதே அடியின் செங்கோண மூலைமேல் மடித்து வெட்டினால் சதுரமும் சிறு முக்கோணமும் கிடைக்கும். மற்றொன்றில் நீளமான அடியிலுள்ள செங்கோண மூலையை எதிரேயுள்ள விரிகோண மூலைமேல் மடித்து வெட்டினால் இன்னொரு சிறு முக்கோணமும் இணைகரமும் கிடைக்கும். அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் வண்ணமாக இருந்தால் இணைகரத்தைக் கவிழ்க்கக் குழந்தை தயங்கும்.