எரிந்த வாடிவீடு: இடிப்பதா, நகல் எடுப்பதா, சிதைவாக விடுவதா, பழுதுபார்ப்பதா?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியோரம் இருக்கும் எங்கள் பட்டினத்தில், பயணிகள் தங்கவென்று வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய வாடிவீடு ஒன்று தீப்பிடித்து எரிந்துவிட்டது. ஓட்டுக் கூரை முழுவதும் உள்ளே விழுந்து கிடக்கிறது. கதவு, நிலை, யன்னல் எல்லாம் கரி. நாலு பக்கச் சுவரும் முன் விறாந்தைத் தூண்களும் மட்டும் நிற்கின்றன. இனி என்ன செய்வது என்று ஊரில் நாலு விதமாகப் பேச்சு நடக்கிறது. இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள் சிலர். இடித்துவிட்டுப் பழையபடி அச்சொட்டாகக் கட்டலாம் என்பது இன்னொரு பக்கம். இப்படியே நினைவுச்சின்னமாக விடலாம் என்றும், நிற்கிற சுவருக்கு மேல் கூரை போட்டுப் பாவிக்கலாம் என்றும் சொல்வோர் இருக்கிறார்கள். நான் கடைசி அணி. மற்ற மூன்றிலும் நியாயம் உண்டு, அதனால் அவற்றையும் எடுத்துப் பேசுகிறேன்.

ஒரு பழைய வாடிவீட்டுக்கு இவ்வளவு பேச்சு ஏன் என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இறங்கி, 2009க்கு முந்திய ஒரு பொதுக் கட்டடத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையில் 2004 சுனாமி தின்றது போக மிச்சமிருந்ததைப் போர் தின்றது. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், அம்மாமார் மருந்தெடுக்கும் ஆஸ்பத்திரி, கச்சேரி எனும் மாவட்ட அரச அலுவலகம், சந்தை எல்லாம் ஒரே காலத்துச் சீமெந்து, ஒரே நிறப் பெயின்ற். கண்டியிலோ காலியிலோ ஒரு பழைய கட்டடம் போனால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று நிற்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

இடிப்பு

எங்கள் உள்ளூராட்சிச் சபைக்கு இது சுலபம். பெக்கோ இயந்திரம் வந்து இரண்டு நாளில் வேலையை முடிக்கும். மதிப்பீடு போடுவதும் கேள்விப்பத்திரம் கோருவதும் பழகிய வேலை. மாடி எழுப்பலாம், வாகனத் தரிப்பிடம் வரும், கீழே கடை போட்டு வாடகை எடுக்கலாம். வருமானமே இல்லாத சபைக்கு வாடகை பெரிய விசயம், அதை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் இடிப்புக்குச் சொல்லப்படும் முதல் காரணம் வருமானம் இல்லை. "சுவர் வெந்துபோச்சு, இனி நம்பேலாது" என்பதுதான். இது பார்த்துச் சொல்லக்கூடிய விசயம் என்பதால், பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சின்னச் சுத்தியலால் சாந்துப் பூச்சைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பொள்ளலாகச் சத்தம் வந்த இடத்தில் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருந்தது. கல்லோடு ஒட்டியிருந்த இடம் 'டக்' என்று இறுகலாகப் பதில் சொன்னது. பிறகு பூச்சை ஒரு கையகலம் உரித்து உள்ளே பார்த்தார். மேல் முக்கால் அங்குலம் இளஞ்சிவப்பு, அதற்கு உள்ளே பழைய மணல் நிறம்.

அந்த நிறத்துக்கு அர்த்தம் உண்டு. இரும்புச் சத்துள்ள மணலும் கல்லும் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் சூட்டில் சிவக்கத் தொடங்கும். சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அந்தச் சூடு உள்ளே போயிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து பொடியாக வேண்டுமென்றால் 800 பாகை அளவில் சூடு வேண்டும். செங்கல்லோ சூளையிலேயே அந்தச் சூட்டைக் கண்டு வந்தது. "தம்பி, சுவருக்கு நெருப்பாலை பயமில்லை. வாசல் தலைப்பிலை போட்ட தண்டவாளத்தைப் பாரும்" என்றார் மேசன். பழைய ரயில் தண்டவாளத் துண்டுகளை வாசல்களுக்கு மேலே உத்தரமாக வைத்துக் கட்டியிருந்தார்கள். அதில் இரண்டு நெளிந்து, தம் மேலிருந்த கல்வரிசையை வெளியே தள்ளியிருக்கின்றன. இரும்பு 550 பாகையளவில் பாதிப் பலத்தை இழந்துவிடும், சூட்டில் நீண்டு சுவரையும் தள்ளும். ஆக, கழற்றிக் கட்ட வேண்டியது இரண்டு வாசல் தலைப்பும் ஒரு மூலையும். அதற்காக முழுக் கட்டடத்தையும் இடிக்கத் தேவையில்லை.

இடித்த பிறகு என்ன மிஞ்சும் என்பதற்குச் சென்னையைப் பார்க்கலாம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வேக் கட்டடம் எழுந்தது, அதற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயரும் வைத்தார்கள். இன்று அங்கே மின்ரயில் ஏறுகிற இளம் பிள்ளைகளுக்கு அது வெறும் பெயர்.

அச்சொட்டான நகல்

இந்த யோசனையைச் சொல்பவர்கள் கட்டடத்தை நேசிப்பவர்கள். அவர்கள் உடனே காட்டுவது யாழ்ப்பாணப் பொது நூலகத்தை. 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1984இல் ஒரு பகுதி திறக்கப்பட்டது, அடுத்த வருடமே போரில் மறுபடியும் சேதமானது. 1990களின் இறுதியில் தொடங்கிய வேலைதான் இன்று நாம் பார்க்கும் வெள்ளை மாளிகையைத் தந்தது. எரிந்த கூட்டை அப்படியே நினைவாக வைக்க வேண்டும் என்ற குரலும் அந்தக் காலத்தில் பலமாக எழுந்தது. நூலகம் மீண்டும் எழுந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். படிக்க இடமில்லாமல் ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது. ஆனால் முன்வாசலில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அங்கே நெருப்பு வந்துபோன தடம் எதுவும் தெரியாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

எங்கள் வாடிவீட்டுக்கு நகல் யோசனையில் இன்னொரு சிக்கல். நகல் கட்டுவதற்கு, நிற்கிற அசலை முதலில் இடிக்க வேண்டும். இரண்டடித் தடிப்புச் சுவர் இருந்த இடத்தில் ஆறு அங்குலச் சீமெந்துக்கல்லை அடுக்கி, கொங்கிறீட் தூணைச் சுற்றி உருண்டையாகப் பூசி, பழைய தூண் மாதிரிக் காட்டுவார்கள். உள்ளே போனால் சூடு தாங்காது, காற்றாடி போட வேண்டும். பழைய விறாந்தையில் சித்திரை வெயிலிலும் மனிதர் படுத்துறங்கினார்கள்.

ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரத் தேவாலயத்தையும் நகலுக்கு ஆதரவாகச் சொல்வதுண்டு. அது 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சில் எரிந்து இடிந்து, 1994இல் வேலை தொடங்கி 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். இடிபாட்டிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான கறுத்த கற்களை இனங்கண்டு, புதிய வெளிர்நிறக் கற்களுக்கு நடுவே திரும்ப வைத்தார்கள். எங்கள் ஊரில் பேசப்படும் நகலில் ஒரு பழைய கல்கூட இல்லை.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் மாடிக் கட்டடம் எழுப்பும் யோசனையும் இடையில் வந்தது. விறாந்தையும் உள் அறையும் சேர்ந்தால்தான் அது வாடிவீடு. முகப்பு மட்டும் என்றால் அது திருவிழாப் பந்தல் வாசல்.

சிதைவாக விட்டுவைத்தல்

மனதளவில் எனக்கு மிகவும் நெருக்கமான யோசனை இது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்துக்கு அருகே எலும்புக்கூடாக நின்ற குவிமாடக் கட்டடத்தை இடிக்கலாமா என்று பல வருடம் வாதாடி, 1966இல் நிரந்தரமாகப் பாதுகாப்பது என்று நகரசபை தீர்மானித்தது. யாழ்ப்பாணத்தில் பழைய பூங்காவை ஒட்டிச் சிதைந்து நிற்கும் பழைய கச்சேரியைப் பார்க்கும்போது, பழுதுபார்த்த கட்டடம் எதுவும் சொல்லாத ஒன்றை அது சொல்கிறது.

ஆனால் வன்னியில் சிதைவு என்றதும் எனக்குக் கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கிதான் ஞாபகம் வருகிறது. போரின் கடைசிக் கட்டத்தில் சரிக்கப்பட்ட அந்தத் தாங்கியை அரசாங்கம் அப்படியே கிடக்க விட்டு, பலகை வைத்து, தெற்கிலிருந்து பேருந்தில் வருவோருக்குக் காட்டும் இடமாக்கியது. நினைவுப் பொருள் விற்கும் கடையும் பக்கத்தில் வந்தது. அந்தத் தாங்கியில் தண்ணீர் குடித்த சனத்திடம், இதைப் பற்றி என்ன எழுதலாம் என்று எவரும் கேட்கவில்லை. இடிபாடு தானாகப் பேசுவதில்லை. பலகையை யார் எழுதுகிறாரோ அவர் சொல்வதையே அது சொல்கிறது. எங்கள் வாடிவீட்டுப் பலகையை யார் எழுதுவார் என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காதவரை, இந்த வழிக்கு நான் கையுயர்த்த மாட்டேன்.

இன்னொன்று, சிதைவாக விடுவது செலவில்லாத வழி என்பது பெரிய தவறு. கூரையில்லாத சுவருக்கு மழைதான் எமன். நெருப்பு ஓரிரவில் செய்யாததை இரண்டு மாரி செய்து முடிக்கும். சுவர்த் தலையில் தண்ணீர் இறங்கும், சாந்து கரையும், காகம் போட்ட ஆலம் விதை வெடிப்பில் முளைக்கும். சிதைவைச் சிதைவாகவே நிறுத்திவைக்க வருடா வருடம் காசும் ஆளும் வேண்டும். வருமானம் எதுவும் தராத ஒன்றுக்கு எங்கள் சபை எத்தனை வருடம் அதைச் செய்யும்?

சுவரை வைத்துப் பழுதுபார்த்தல்

சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் எரிந்து கூரை விழுந்தது. அதையும் இடித்துவிடலாம் என்று பேசியிருக்க முடியும். சுவர்களை வைத்துக்கொண்டு, சுண்ணாம்பு வேலையோடு அதைத் திரும்ப எழுப்பியது தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறை. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. வழக்காடுவோர் நடமாடும் கட்டடத்தில் ஓடு விலகினால் அடுத்த நாளே ஒருவர் கண்ணில் படும். கட்டடத்தைக் காக்க அதைவிடச் சிறந்த காவலாளி கிடையாது.

எங்கள் இடத்தில் இது எப்படி இருக்கும்? நெளிந்த தண்டவாளங்களை எடுத்துவிட்டு வாசல் தலைப்புகளைச் செங்கல் வளைவாகக் கட்டுவது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசவே கூடாது. சீமெந்துப் பூச்சு சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாது; உப்புப் பூத்து, உள்ளேயுள்ள கல் உதிரும். சுண்ணாம்பை நீற்றிக் கிழமைக்கணக்கில் தண்ணீருக்கடியில் புளிக்க வைத்துத்தான் பாவிக்க வேண்டும். கூரைக்குப் பாலை அல்லது முதிரை மரத் தீராந்தி (உத்தரம்), பனஞ்சிலாகை, ஓடு.

எரிந்த மரம் எல்லாமே கழிவு என்று நினைக்க வேண்டாம். கனமான மரத்தில் ஒரு மணி நேர நெருப்புக்கு ஒரு பக்கத்தில் ஒன்றரை அங்குலம் போலத்தான் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். விழுந்து கிடக்கும் பாலைத் தீராந்தி ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தோம். கரிக்கு அடியில் சிவந்த வைரம் புத்தம் புதிதாக இருந்தது. அதைச் செதுக்கி விறாந்தையின் குறுகிய பகுதிக்குப் பாவிக்கலாம்.

புது வேலை புதிதாகவே தெரியட்டும். பழைய சின்னங்களைப் பேணுவது பற்றிய சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் பிரகடனம் சொல்வதும் இதைத்தான்: இழந்த பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியக்கூடியதாக இருக்க வேண்டும். வடக்குப் பக்க அறையின் ஒரு சுவரைப் பூசாமல், சிவந்த சாந்தும் புகைக் கறுப்புமாக விடச் சொல்வேன். சிதைவை விரும்புவோர் கேட்கும் நியாயமும் அந்த ஒரு சுவரில் அடங்கும்.

இதன் பாதகங்களை மறைக்க விரும்பவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் வயதாளிகள், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பாலை மரத்துக்கும் பனைக்கும் அனுமதி, ஏற்றிவர இன்னொரு அனுமதி என்று கடதாசி அலைச்சல் இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் நாட்காட்டி. அரசாங்கக் காசு டிசெம்பர் முடிவுக்குள் செலவாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப்போகும். எங்கள் மாரியோ ஐப்பசியில் பிடித்து கார்த்திகை, மார்கழியில் உச்சம். சுண்ணாம்பு மெல்ல இறுகும் சாமான், அடைமழையில் பூசினால் வழிந்துவிடும். அதனால் வேலையை இரண்டு வருட ஒதுக்கீடாகப் பிரிக்க வேண்டும்: முதல் வருடம் கட்டுமானமும் கூரையும், மறு வருடம் தை பிறந்த பிறகு பூச்சு. ஒரே வருடத்தில் முடிக்கச் சொன்னால் ஒப்பந்தக்காரர் சீமெந்தைத்தான் எடுப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

யார் பொறுப்பெடுப்பது என்பதும் மிச்சம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நூறு வருடம் கடந்த கட்டடத்தை வர்த்தமானி (அரசிதழ்) மூலம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் ஓர் ஆணி அடிக்கவும் கொழும்பிலுள்ள தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கோயில் வழிபாடு தொடர்பாக அந்தத் திணைக்களத்தோடு தகராறு நடந்த குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் பார்த்த சனம் அந்தத் திணைக்களத்தின் பலகை என்றாலே தயங்குகிறது, அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். சபையே தீர்மானம் எடுத்து, கட்டடத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, தொழில்நுட்ப உதவியை மட்டும் கேட்டுப் பெறலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது. சுவரைச் சோதித்து அறிக்கை தரச் சொல்லி ஒரு கடிதம் போட்டுப் பார்க்க என்ன தடை?

எந்த வழி என்று தீர்மானிப்பது மாதக்கணக்கில் இழுபடட்டும், பரவாயில்லை. அதற்கு முன்பு செய்ய வேண்டிய இரண்டு வேலைக்கு யாரும் யாரோடும் வாதாடத் தேவையில்லை. இடிபாட்டை அள்ளிக் குப்பைக்கு அனுப்பாமல், முழு ஓடு, தீராந்தி, பிணைச்சல், கொண்டி எல்லாவற்றையும் பிரித்து எண்ணிட்டு ஒரு கொட்டிலில் அடுக்க வேண்டும். சுவர்களை அளந்து படம் கீறிப் புகைப்படமும் எடுக்க வேண்டும். மற்றது, புரட்டாதி முடிவதற்குள் கப்பு நட்டுத் தகரத்தால் ஒரு தற்காலிகக் கூரை. தகரத்துக்குக் காசில்லை என்றால் சுவர்த் தலைகளையாவது தறப்பாளால் மூடிக் கட்டலாம். தறப்பாள் தர ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன். ஏணி வைத்து ஏறுவதற்குச் சபையின் அனுமதிக் கடிதம் மட்டும்தான் வேண்டும்.