தரைக்கூடா, பரண்கூடா? செட்டிநாட்டுக் கொல்லைக்கு எது தாங்கும்

பத்துப் பெட்டை, ஒரு சேவல். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கொல்லை வைத்த வீட்டுக்கு இந்த அளவு தாராளம். பகலில் மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் அடையும் நாட்டுக்கோழிக்கு, தலைக்கு இரண்டு சதுர அடி இருந்தால் போதும். ஆறடி நீளம், நாலடி அகலம் என்று கணக்கு முடிந்துவிடும். அதைத் தரையோடு கட்டுவதா, கால் நட்டுப் பரணாக உயர்த்துவதா என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

பெரும்பாலோர் மழையை நினைத்துப் பரண் பக்கம் சாய்கிறார்கள். செட்டிநாட்டில் முதலில் நினைக்க வேண்டியது கோழி உண்ணியை. தட்டையான, கருஞ்சாம்பல் நிறப் பூச்சி அது. பகலில் இடுக்கில் ஒளிந்திருக்கும், இரவில் வெளியே வந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கோழி சாயங்காலம் கூட்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறுகிறது, கொண்டை வெளிறுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். ஆகவே எந்தக் கூட்டைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது இரண்டு: இதில் எத்தனை இடுக்கு இருக்கிறது? அந்த இடுக்கில் நெருப்புக் காட்ட முடியுமா?

தரைக்கூடு இங்கேதான் ஜெயிக்கிறது. ஓரடி உயரத்துக்குக் கல்லும் செம்மண்ணும் போட்டு இறுக்கி, மேலே நாலு அங்குல கான்கிரீட் தளம். சுற்றி ஒன்றரை அடி உயரச் சுவர், அதற்கு மேல் கூரை வரை கம்பிவலை. கதவுக்கு இரண்டடி விட்டால் நாலரை அங்குலச் சுவருக்குச் சுமார் 140 செங்கல் ஆகும். கலவை, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல். பூச்சு உள்ளும் புறமும் ஒன்றுக்கு நாலு. சுவரும் தளமும் சேரும் மூலையைக் கரண்டியால் வளைத்துப் பூசச் சொல்லுங்கள். கூர்மூலையாக விட்டால் எச்சம் அங்கேதான் தங்கும். செம்புறாங்கல் மலிவாகக் கிடைக்கிறது என்று பூசாமல் அடுக்குபவர்கள் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கல் முழுக்கப் பொத்தல். ஒவ்வொரு பொத்தலும் உண்ணிக்கு வீடு. அந்தக் கல்லில் கட்டினால் பூசியே ஆக வேண்டும். பூசிய சுவரில் உண்ணி கண்டால், கோழியை வெளியேற்றிக் கூளத்தை அள்ளிவிட்டு ஊதுவிளக்கால் சுட்டு, மேலே சுண்ணாம்பு அடித்துவிடலாம். மரப் பரணில் இந்த வேலையைச் செய்ய முடியாது.

தளத்தின்மேல் நாலு அங்குலம் கூளம். நெல் உமி, கடலைத் தோல் இரண்டுமே இங்கே எளிதில் கிடைக்கும். 24 சதுர அடிக்கு எட்டு கன அடி, அதாவது ஏறக்குறைய மூன்று சாக்கு பிடிக்கும். வாரம் ஒருமுறை தோட்டத்து முள்கரண்டியால் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. அந்த ஈரத்தில்தான் மூக்கைப் பிடிக்கும் நெடி வரும், குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சலும் வரும். ஈரத்துக்குப் பாதி காரணம் மழையே அல்ல, கூட்டுக்குள் வைக்கிற தண்ணீர்ச் சட்டிதான். இரவுக் கூட்டுக்குள் தண்ணீர் வேண்டாம்.

பரணின் பலம் வேறு. எச்சம் கீழே விழுந்துவிடுவதால் கோழி அதை மிதிக்காது, கூளமும் வேண்டாம். ஆறடி நீளத்துக்கு ஒன்றரை அங்குல அகலச் சட்டம், ஓர் அங்குல இடைவெளி என்று போட்டால் நாலடிச் சட்டம் 29 வேண்டும். அடியில் நீளவாக்கில் மூன்று தாங்கு கட்டை. பனஞ்சட்டம் வைரம் பாய்ந்ததாக இருந்தால் நன்றாக உழைக்கும். இளமரம் என்றால் கரையானும் உளுவும் விடாது. கால்களுக்கு மரத்தை மறந்துவிடுங்கள். வேலிக்கு ஊன்றுகிற கல்லுக்காலே சிறந்தது. தரைக்கு மேல் மூன்றடி நிற்கட்டும். அதற்குக் குறைந்தால் மண்வெட்டி போட்டு எச்சம் வார முடியாது. காலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. அடியைச் சுற்றி வலை அடிக்காவிட்டால் கோழியே உள்ளே புகுந்து எச்சத்தைக் கிளறும். பரண் கட்டியதன் பயனே போய்விடும்.

அசில், பெருவிடை போன்ற கனத்த சேவல்களுக்குப் பரண் ஒத்துவராது. தினமும் மூன்றடியிலிருந்து குதித்தால் பாதம் வீங்கிப் புண்ணாகும். சாய்பலகை வைப்பதானால் ஆறடி நீளம் வேண்டும். அரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டமும் அடிக்க வேண்டும்.

கூரைக்கு வந்தால் இரண்டின் வேறுபாடு இன்னும் தெளிவாகும். சித்திரை வெயிலுக்கு நாட்டு ஓடுதான் குளிர்ச்சி. இடித்த வீட்டு ஓடு இந்தப் பக்கம் தேடினால் கிடைக்கும். ஆனால் பாரம் அதிகம், மரப் பரணின் மேல் ஏற்றுவது ஆபத்து. ஓட்டுக்குச் சரிவும் நிறைய வேண்டும்: நாலடி அகலத்துக்கு இரண்டேகால் அடி ஏற்றம். குறைத்தால் கார்த்திகை மழையில் ஒழுகும். தகரத்துக்கு முக்கால் அடி ஏற்றமே போதும். ஆனால் மதியம் அடுப்பாகக் கொதிக்கும். முட்டையிட உள்ளே போகிற கோழி வாயைப் பிளந்துகொண்டு வெளியே ஓடிவரும். தகரத்தின் மேல் கீற்று வேய்ந்தால் சூடு அடங்கும். கீற்றை மட்டுமே கூரையாகப் போட்டால் உண்ணி, எலி, எலியைத் தேடி வரும் பாம்பு என்று வரிசை கட்டும்.

எதைக் கட்டினாலும் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். கூரை வடக்கே தாழ்ந்து தெற்கே உயரட்டும். வடகிழக்குப் பருவமழைச் சாரல் தாழ்ந்த இறவாணத்தில் அடித்துப் போய்விடும். மார்கழியில் தெற்கே சாய்ந்த வெயில் உள்ளே நுழைந்து கூளத்தை உலர்த்தும்.

வலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் வைத்த வெல்ட்மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை அடித்தால் நாய், கீரி, எலி மூன்றுக்கும் வழி அடையும். தரைக்கூட்டில் கீரிக்குத் தெரிந்த வழி கதவின் அடி. அங்கே விரல் நுழையும் சந்துகூட விடாதீர்கள்.

உட்காரும் கம்புக்கும் உண்ணிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கோழிக்கு எட்டு அங்குலம் என்று பதினொன்றுக்கு ஏழடிக்கு மேல் வேண்டும். ஆகவே ஆறடிக் கம்பு இரண்டு, இரண்டடி உயரத்தில், இரண்டும் ஒரே மட்டத்தில். ஒன்று உயர்ந்தால் இரவெல்லாம் அந்த இடத்துக்குச் சண்டை. ஆணி அடிக்காமல் பள்ளத்தில் வைத்து எடுக்கும்படி செய்யுங்கள். காலையில் கம்பைத் தூக்கி அதன் முனையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், உண்ணி வந்துவிட்டதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மேட்டுச் செம்மண் கொல்லை, தண்ணீர் நிற்காத இடம் என்றால் தரைக்கூடே எங்கள் தேர்வு. கண்மாய்க் கரையை ஒட்டிய வீடு, ஐப்பசியில் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும் இடம் என்றால் பரண். அங்கே ஓரடி அடிமானம் பத்தாது, கூளம் தை மாதம் வரை காயாது. குஞ்சுடன் இருக்கும் தாய்க்கோழியை இரண்டிலும் சேர்க்காதீர்கள். பரண் இடைவெளியில் குஞ்சின் கால் மாட்டும், தரைக்கூட்டில் மற்ற கோழிகள் கொத்தும். முதல் நாலு வாரத்துக்குத் திண்ணையிலோ பின்கட்டிலோ பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள்.